நான்கு மானிட்டர்களும் ஓர் ஈரத்துணியும்

கணினி ஆய்வகத்தின் சாவியைப் புதிதாகக் கையில் வாங்கியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். வேலை அனுபவத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லி நம் ஆசிரியர் சங்கத்து ஆட்கள் கேட்டார்கள். பாடம் நடத்துவதைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் முதன்முதலில் மவுஸைப் பிடித்தபோது எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. நீங்கள் பால்வாடி போகும்போதே போனை நோண்டியவர்கள். ஆகவே நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அந்த விஷயத்திலாவது எனக்கு உங்களைவிட அனுபவம் அதிகம்.

செத்துப்போன மானிட்டரை நானே பிரித்து, அதன் பவர் சப்ளையைச் சரி செய்த கதை இது. எதை எங்கே வைத்துப் பற்ற வைக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் இதில் இருக்காது. அதற்கு யூடியூபில் ஆயிரம் வீடியோ கிடக்கிறது. இதில் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது, அதற்குக் காரணம் நான். அதை மட்டும் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் பத்து கம்ப்யூட்டர்கள். மேற்குப் பார்த்த அறை. மாசி மாதம் பிறந்துவிட்டால் மதியம் இரண்டு மணிக்கு மேல் மின்விசிறி வெந்த காற்றைத்தான் சுற்றி அடிக்கும். ஜன்னலைத் திறந்தால் எதிரே மைதானம். பி.டி. பீரியட் வந்தால் மைதானத்துச் செம்மண் பாதி உள்ளே வந்துவிடும். போதாததற்குப் பல்லி, குளவி. பிரிண்டருக்குள் குளவி மண்கூடு கட்டி, பேப்பரோடு சேர்ந்து மண் அச்சடித்து வந்த நாளெல்லாம் உண்டு. இந்தத் தொல்லைக்காகத்தான் ஒரு வருடம் தீபாவளி லீவில் மானிட்டர்களுக்கு நானே உறை தைத்துப் போட்டேன். வீட்டில் டி.வி.க்கு அந்தக் காலத்தில் போடுவோமே, அதே மாதிரி. முன்பக்கத்துத் துணியைத் தூக்கி மேலே போட்டுவிட்டுப் பார்க்க வேண்டியது, வேலை முடிந்ததும் கீழே இழுத்துவிட வேண்டியது. யூனிஃபார்ம் துணியில் மிச்சம் வந்ததை வாங்கி, கூரை ஒழுகினாலும் உள்ளே இறங்கக் கூடாதென்று ரெக்சின் உள்துணி கொடுத்து, அடியில் எலாஸ்டிக் வைத்து, ஜாக்கெட் தைக்கிற கணக்கில் பிடித்துத் தைத்தேன். எட்டு உறைக்குத்தான் துணி வந்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரிகூட அதைப் பார்த்துவிட்டு, மற்ற பள்ளிகளிலும் இப்படிச் செய்யலாமே என்றார். அதற்கப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியுமா?

அந்த அறையைத் தினமும் பெருக்கித் துடைத்தவர் மாதம்மா. பெற்றோர் ஆசிரியர் கழகம், அதாவது பி.டி.ஏ., சம்பளம் கொடுத்து வைத்திருந்த துப்புரவுப் பணியாளர். பதினோரு வருடமாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகள் தர்மபுரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று தலைமை ஆசிரியருக்குத் தெரியாது, மாதம்மாவுக்குத் தெரியும். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய வேலைக்கு ஆர்டர் கிடையாது, காகிதம் கிடையாது. வரச் சொன்னால் வர வேண்டும், வேண்டாமென்றால் நின்றுவிட வேண்டும்.

அந்த வருடம் பொங்கல் முடிந்ததிலிருந்து மானிட்டர்கள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. முதலில் ஒன்று. பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், இரண்டு நொடியில் அணையும். பத்து நாளில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. பொதுத் தேர்வுக்கான செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில் நான்காவதும் கண்ணை மூடியது. தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன மேடம் இது? வெளி ஸ்கூல்லேருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வர்றார். பத்துல நாலு செத்துக் கெடக்குதுன்னா நம்மள என்ன நெனைப்பாரு? என்னதான் ஆச்சு அதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இத்தனை வருடம் கம்ப்யூட்டர் டீச்சர் என்று பெயர் வாங்கிவிட்டு, தெரியாது என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் மாதம்மா ஒரு மானிட்டரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தது அந்த நேரத்தில் சரியாக ஞாபகம் வந்தது.

"மாதம்மா ஈரத்துணி போட்டுத் தொடைக்கறாங்க சார். தண்ணி உள்ள எறங்கியிருக்கும்னு நெனைக்கறேன்."

'நினைக்கிறேன்' என்றுதான் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் காதில் அந்தக் கடைசி வார்த்தை விழுவதில்லை. நமக்குத் துறை தெரியும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நம் வாயிலிருந்து வரும் சந்தேகத்தைக்கூட அவர்கள் தீர்ப்பாகத்தான் எழுதிக்கொள்வார்கள். இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தலைமை ஆசிரியர் மாதம்மாவை வரச் சொன்னார். துடைப்பத்தை வெளியே சாய்த்து வைத்துவிட்டு வந்து நின்றார்.

"கம்ப்யூட்டரை ஈரத்துணியில தொடச்சியா?"

"தொடச்சன் சார். நல்லா புழிஞ்சிட்டுத்தான் தொடச்சன்."

அவ்வளவுதான். ஒப்புக்கொண்டாயிற்று என்று முடிவாகிவிட்டது. "இல்லை சார்" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நாலு கேள்வி கேட்டிருப்பார்கள்.

"நாலு மானிட்டர் போச்சு. சனிக்கிழம பி.டி.ஏ. கூட்டம் இருக்குது. அதுல பேசி வேற ஆளைப் போட்டுக்கறோம். அதுவரைக்கும் வா, ஆனா அந்த ரூமுக்குள்ள காலு வெக்காத."

மாதம்மா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. டீச்சர் ஏதாவது சொல்வாரா என்று பார்த்தார். நான் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மானிட்டரைப் பழுது பார்க்க மேலே எழுதிப் போட்டால், தேர்வெல்லாம் முடிந்து ரிசல்ட் வந்த பிறகுதான் ஆள் வரும். ஆகவே நானே பிரிப்பது என்று முடிவு செய்தேன். மாதம்மாவுக்காக மனசு உறுத்தி அப்படிச் செய்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். எக்ஸ்டர்னல் முன்னால் மானம் போகக் கூடாது என்ற பயம்தான் முழுக் காரணம்.

செவ்வாய்க்கிழமை மதியம் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கடன் வாங்கி வந்தேன். நான் சி பிளஸ் பிளஸ் நடத்துகிறவள். வீட்டில் பல்ப் மாட்டுவதற்கே என் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவள். பிளக்கைப் பிடுங்கினேன், உறையைக் கழற்றினேன், பின்மூடியை நெம்பினேன். இரண்டு கிளிப் உடைந்தது. உள்ளே தகரத்துக்கு அடியில் பவர் போர்டு. கரண்டுதான் இல்லையே என்ற தைரியத்தில் போர்டை வெறுங்கையால் தூக்கினேன். அடுத்த நொடி நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்க்ரூ டிரைவர் கதவுப் பக்கம் கிடந்தது. முழங்கை வரைக்கும் மரத்துப்போய், வாயில் ஒரு துருப்பிடித்த சுவை. நல்லவேளையாக அறையில் பிள்ளைகள் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, இந்தத் தடவை அட்டையில் போர்டை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் மின்தேக்கி என்று இருக்கும், கடையில் கண்டன்சர் என்பார்கள். உருளை உருளையாக நிற்கும் சின்னச் சாமான்கள். அதில் நான்கின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. ஒன்றின் மேல் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. மற்றபடி போர்டு முழுக்கத் தூசி, காய்ந்த தூசி. தண்ணீர் இறங்கிய தடம் எங்கேயும் இல்லை. அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு மாதம்மாவின் ஞாபகம் வரவில்லை. எப்படிச் சரி செய்வது என்று மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மும்முரத்தில் இருக்கும்போது மனிதருக்கு இப்படி ஒரு குருட்டுத்தனம் வரும். பழுது எங்கே என்று தெரிந்தவுடனே கை பரபரக்கும். ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றாது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, நான்கு போர்டுகளையும் கழற்றி டிபன் பையில் போட்டுக்கொண்டு அரூருக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டி.வி. ரிப்பேர் கடை. கடைக்காரர் பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போர்டைக் கையில் வாங்கினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், முகர்ந்து பார்த்தார்.

"யாருங்க கழட்டுனது?"

"நான்தாங்க. நேத்து ஒரு ஷாக்கும் அடிச்சுது."

"பிளக்கைப் புடுங்கிட்டா செத்துருச்சுன்னு நெனைச்சுக்கிட்டீங்களா? அந்தப் பெரிய கண்டன்சர் இருக்குது பாருங்க, அது புடுங்குன பெறகும் புடிச்சு வெச்சிருக்கும். நல்ல நேரம், தப்பிச்சீங்க."

நான்கையும் வரிசையாக வைத்தார். "எல்லாத்துலயும் ஒரே எடம்தான் போயிருக்குது. நாலும் ஒரே மாதிரி வெந்திருக்குது."

"தண்ணி பட்டதுனாலங்களா?"

"தண்ணி பட்டா பச்ச பூத்துக் கெடக்குமுங்க. இது சூடு. இதை மூடி கீடி வெப்பீங்களா?"

"இல்லீங்க. தெறந்துதான் இருக்கும்."

யோசிக்காமல் சொன்னேன். முன்பக்கத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டால் என் கணக்கில் அது திறந்தது. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "அப்படியா? அப்ப தெரியலீங்களே" என்றார். அந்த வார்த்தையை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் தெரியுமா? முப்பது வருடமாவது அதே தொழிலில் இருந்திருப்பார். கண்டன்சர் உப்பியிருப்பதைக் கண்டுபிடித்ததைவிட, அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பிற்பாடு பெரிதாகப் பட்டது. தண்ணீர் இல்லை என்று அவர் சொன்னதை மாதம்மாவோடு சேர்த்துப் பார்க்க அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

கடையில் திறந்து போட்ட டி.வி.கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தனக்குப் பதினைந்து நாள் வேலை கிடக்கிறது என்றார். நான் செய்முறைத் தேர்வைச் சொன்னேன். கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரு போர்டை மட்டும் என் கண் முன்னால் மாற்றிக் காட்டினார். பழையதை எடுப்பது, புதியதை வைப்பது, கண்டன்சரின் பக்கவாட்டில் உள்ள வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது, எல்லாம். "மிச்சம் மூணையும் நீங்களே போடுங்க. வேணுங்கறதுக்கு மேல ரெண்டு கண்டன்சர் வெச்சிருக்கறன். எப்பிடியும் ஒண்ணு வெடிக்கும்" என்று சொல்லி, ஈயம் பற்ற வைக்கும் தன் பழைய சூட்டுக்கோலையும் இரவல் தந்தார்.

வெடித்தது. வியாழக்கிழமை மதியம், நான் மாற்றிய முதல் போர்டில். வெள்ளைக் கோட்டைத் தலைகீழாக வைத்திருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் டப்பென்று சத்தம், மீன் கருகிய மாதிரி ஒரு நாற்றம், பக்கத்து ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில். "ஒண்ணுமில்ல, போங்க" என்று விரட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு அவர் கொடுத்த உபரியை எடுத்துச் சரியாக வைத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான்கு மானிட்டர்களிலும் நீல வெளிச்சம் வந்தது. அந்த நிமிஷம் இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். ஆய்வகத்தில் தனியாக நின்று கை தட்டினேன்.

தலைமை ஆசிரியர் வந்து பார்த்தார். ஆசிரியர் அறைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னார். "நாளைக்குக் கூட்டத்துல உங்களப் பத்திச் சொல்றேன் மேடம்" என்றார்.

எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க, நான்கையும் ஓடவிட்டு வைத்தேன். பழக்க தோஷத்தில் உறைகளை எடுத்து மாட்டி, முன்துணியை மேலே தூக்கிப் போட்டேன். ஒரு மணி நேரம் விடைத்தாள் திருத்தினேன். எழுந்து போகும்போது, நன்றாக இருடா தங்கம் என்று ஒன்றின் முதுகில் தட்டிக்கொடுத்தேன். கையை உடனே எடுத்துவிட்டேன். உறைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். பின்பக்கத்துக் காற்றுத் துளைகள் மொத்தமும் என் ரெக்சினுக்குள். எலாஸ்டிக் வைத்துப் பிடித்துத் தைத்திருந்தேனே, காற்று எங்கே போகும்?

கடைசி வரிசையில் இரண்டு மானிட்டர்கள் இருந்தன. துணி போதாமல் போனதால் உறை இல்லாதவை. எல்லாவற்றுக்கும் பழையவை அவைதான், தூசி அப்பிப்போய் அசிங்கமாக இருக்கும். அவை ஒரு நாளும் கெட்டதில்லை. அவற்றின் முதுகில் கை வைத்தேன். இளஞ்சூடு. செத்த நான்கும் உறை போட்ட எட்டில் நான்கு.

ஈரத்துணி கெடுக்கவில்லை. என் உறை கெடுத்திருக்கிறது. அதிகாரி பாராட்டிவிட்டுப் போன உறை. 

இப்போது உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அடுத்து எனக்கு வந்த யோசனை என்ன தெரியுமா? உறைகளைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள். மானிட்டர்கள் இனிமேல் கெடாது. பழுது பார்த்த பெயரும் எனக்கே இருக்கும். மாதம்மாவின் விஷயம் முடிவாகிவிட்ட ஒன்று, தலைமை ஆசிரியர் எடுத்த முடிவு, நானா எடுத்தேன்? எட்டு உறையையும் மடித்துப் பைக்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் மாதம்மா பூட்டோடு நின்றுகொண்டிருந்தார். மறுநாளோடு தன் வேலை முடிகிறது என்று தெரிந்த ஆள்.

"டீச்சர், நாலும் எரியுதாமே! பசங்க சொன்னாங்க. எனக்கு இப்பதாங்க மனசு ஆறுச்சு. பரிச்ச நேரத்துல புள்ளைங்க தவிக்குமேன்னு ஒரு வாரமா சோறே எறங்கல."

முகத்தில் நிஜமான சந்தோஷம். என் மேல் ஒரு வருத்தம், ஒரு குத்தல், எதுவுமில்லை. தான்தான் கெடுத்துவிட்டோம் என்று அந்த ஐந்து நாளும் அவர் நம்பியிருக்கிறார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வரும் வரை அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"இப்ப வந்து சொல்றீங்களே மேடம். பி.டி.ஏ. தலைவரு அவரு சொந்தத்துல ஒரு பொண்ணையே சொல்லிட்டாரு. நான் என்னன்னு மாத்திப் பேசறது? விடுங்க. கம்ப்யூட்டர் டீச்சரே கம்ப்யூட்டரைக் கெடுத்தாங்கன்னு மினிட்ஸ் நோட்டுல எழுதச் சொல்றீங்களா? நாளைக்கு ஆடிட்ல உங்களத்தான் கேப்பாங்க."

"எழுதுங்க சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் பேசுவதற்குள் கூட்டத்தில் நானே எழுந்துவிட்டேன். பேசிப் புரியவைக்க எனக்குத் தைரியம் இல்லை. காலையிலேயே ஒரு மானிட்டருக்கு உறையை மாட்டி ஓடவிட்டு வைத்திருந்தேன். எல்லோரையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், பி.டி.ஏ. தலைவரைப் பின்னால் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"அடேங்கப்பா! இட்லி வேகும்போல இருக்குதே!"

"அதுக்குள்ளதாங்க நாலும் வெந்து போச்சு. உறை நான் தெச்சது. தொடச்சதுனால ஒண்ணும் ஆகலீங்க. தெரியாம மாதம்மா மேல சொல்லிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். யாரோ ஒருவர், "டீச்சருக்கே தெரியலன்னா பெருக்கற அம்மாவுக்கு எங்க தெரியும்" என்றார். தலைவர் தன் சொந்தக்காரப் பெண்ணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே, "அந்தம்மாவே இருந்துட்டுப் போவட்டும், எதுக்கு மாத்தறது" என்றார். மினிட்ஸில் என் பெயரோடு எழுதினார்கள். ஆடிட்டில் கேட்டார்கள், பதில் எழுதிக் கொடுத்தேன். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பெரும்பாலும் அப்படித்தான். நாம் ஒளிக்க நினைக்கும் தப்பு, வெளியே வந்த பிறகு பார்த்தால் நாலு பேர் சிரிக்கிற அளவுதான் இருக்கும். ஒளித்தால்தான் அது இன்னொருவர் தலையில் போய் விழும்.

கூட்டம் முடிந்ததும் நேராக மாதம்மாவைத் தேடிப் போனேன். அவருடைய பக்கத்து வீட்டு மரத்தடியில், கூலிக்குப் புளி தட்டுகிற பெண்களோடு உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே வேறு வேலைக்குப் போய்விட்டார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரியே சொன்னேன். உன் மேல் தப்பில்லை, என் உறையால் வந்த சூடு, நான்தான் தெரியாமல் உன்னைச் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை வேலைக்கு வா, என்னை மன்னித்துக்கொள் மாதம்மா என்றேன்.

"அட, எதுக்குங்க டீச்சர் அவ்ளோ பெரிய பேச்செல்லாம்" என்று கூச்சப்பட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சுடும்ங்க. சாயங்காலம் தொடைக்கறப்ப பின்னாடி கை பட்டா சுடும். பாவமா இருக்கும். ரெண்டு தடவ நானே அந்த உறையக் கழட்டி மேசையில வெச்சன். காலைல நீங்க வந்து மறுபடியும் மாட்டிட்டீங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க ஆசயா தெச்சதாச்சே டீச்சர். அதப் போயி நான் என்னன்னு சொல்றது?"

இதை நீங்கள் படிக்கும்போது கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அந்த அறையில் எட்டு மானிட்டர்களின் முதுகிலும் தினமும் கை வைத்த ஒரே ஆள் அவர். மூன்று மாதமாக அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அவரை ஒரு கேள்வி கேட்டிருந்தால் அரூருக்கே போயிருக்க வேண்டாம். அறையில் ஏதாவது கெட்டால், 'யார் தொட்டது?' என்று நாம் கேட்கிறோம். தொட்டவருக்குத்தான் அதைப் பற்றித் தெரியும் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

"சரி, திங்கக்கெழம வந்துரு" என்றேன்.

"வர்றங்க. ஆனா ஒண்ணுங்க டீச்சர்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த ரூமு மட்டும் எனக்கு வேணாங்க."

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். செய்முறைத் தேர்வு நல்லபடியாக நடந்தது. பத்து மானிட்டரும் எரிந்தன. மாதம்மா பள்ளி முழுக்கப் பெருக்கினார். வராண்டாவைப் பெருக்கிக்கொண்டு வந்து எங்கள் கதவு நிலையோடு நிறுத்திவிடுவார். வாம்மா, நான்தான் சொல்கிறேனே, எது கெட்டாலும் நான் பொறுப்பு என்று பல தடவை கூப்பிட்டேன். சாவியை நீட்டினேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கோபம் இல்லை. "பயமா இருக்குதுங்க டீச்சர். மறுபடியும் ஏதாச்சும் கெட்டா?" என்பார். மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அதே பதில்தான்.

கண்டன்சரை மாற்றினால் மானிட்டர் எரிந்துவிடுகிறது. இந்தப் பயத்தைச் சரி செய்ய அரூரிலும் ஆள் இல்லை. அதற்கப்புறம் நான் இருந்த மூன்று வருடமும் அந்த அறையை நான்தான் பெருக்கினேன். காலையில் எட்டரைக்கே வந்துவிடுவேன். மாதம்மா துடைப்பத்தை வெளியிலிருந்து நீட்டுவார். நான் பெருக்கி முடிக்கும் வரை வாசலில் நின்று, "அந்த மூலைய வுட்டுட்டீங்க டீச்சர்", "மேசைக்கு அடியிலங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குப்பையை நான் நிலைப்படி வரைக்கும் தள்ளினால் அங்கிருந்து அவர் வாரிக்கொள்வார்.

ஓய்வு பெற்ற அன்று, எனக்குப் பதிலாக வந்த இளம் ஆசிரியையிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். கூடவே துடைப்பத்தையும் கொடுத்தேன்.

"இது எதுக்குங்க மேடம்? பெருக்கறதுக்கு ஆள் இருக்காங்கன்னு சொன்னாங்களே?" என்றார்.

இருக்கிறார் என்று சொல்லி, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். மாதம்மா வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.